பஸ்ஸில் வரும் ப

நீங்கள் ஏறி வந்த லிஃப்ட் இந்த நான்காவது மாடியில் அரை அங்குலம் தாழ்வாக நிற்கிறது, மேடம். வெளியே வரும்போது ஏட்டையாவின் கால் இடறியதைப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும். லிஃப்ட் கம்பெனியின் சொந்தக் கட்டடத்திலேயே லிஃப்ட் சரியாக நிற்காவிட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பும்போது படியில் இறங்கிவிடலாம். நானும் கூட வருவேன் என்று நினைக்கிறேன்.

சேலத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை உங்களை வரவழைத்தது ஒரு சிறிய திருத்தத்துக்காக. பிப்ரவரியில் நான் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரி இருக்கிறது. 'எரிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது நான் பிடி என்று கத்தினேன்.' அந்த வரியில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் நீங்கள் வழக்கை முடித்து எழுதிய அறிக்கையில், 'ராகேஷ் என்பவர் பதற்றத்தில் தவறான சொல்லைப் பயன்படுத்தியதால் நேர்ந்த விபத்து' என்று இருக்கிறது. அது சரியில்லை. நான் எந்தத் தவறான சொல்லையும் பயன்படுத்தவில்லை.

போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று படித்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் முன்னிலையிலும் இதையே சொல்கிறேன். ஏட்டையா எழுத வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். மேசைமேல் இருக்கும் இந்த மாதிரியை நானே செய்தேன். ஒரு பக்கம் ஆட்கள் ஏறும் கூண்டு. மறுபக்கம் இரும்பு எடை. இரண்டையும் ஒரே கயிறு இணைக்கிறது; உச்சியில் சக்கரம். இப்போது இந்தச் சின்ன நெம்புகோலைத் தூக்குகிறேன். பிரேக் விட்டுவிட்டது. காலிக் கூண்டு எங்கே போகிறது, பாருங்கள். மேலே போகிறது. எல்லோரும் லிஃப்ட் கீழே விழும் என்றுதான் பயப்படுகிறார்கள். காலிக் கூண்டைவிட மறுபக்க எடை கனமானது, ஆகவே பிரேக்கை விட்டால் கூண்டு மேலே பாயும். கீழே போவதற்கு ஆள் நிறைய வேண்டும்.

இன்னொன்று. மின்சாரம் பிரேக்கைப் பிடிப்பதில்லை. விடுவிக்கிறது. கரண்ட் போனால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்திருக்கிறார், பாருங்கள்: எது கெட்டாலும் நிற்பதுதான் நடக்க வேண்டும் என்று. கரண்ட் இல்லாத நேரத்தில் கூண்டை நகர்த்த வேண்டுமானால், மொட்டைமாடி மெஷின் ரூமில் ஓர் ஆள் நின்று இதே மாதிரி ஒரு நெம்புகோலைக் கையால் தூக்க வேண்டும். தூக்கினால் கூண்டு நகரும். கையை எடுத்தால் ஸ்பிரிங் பிடிக்கும். அவருக்குக் கூண்டு தெரியாது. கூண்டின் மேல் நிற்பவருக்கு அவரைத் தெரியாது. நடுவில் ஓர் ஆள் போனில் சொல்ல வேண்டும். அந்த நடு ஆள்தான் நான்.

நாங்கள் நான்கு பேர் ஒரே குழு. கணேசமூர்த்தி அண்ணன் மூத்தவர், நாற்பத்தொரு வயது, வீடு அத்திபெலேயில். எரிக் என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன், நான் ஒக்கலிபுரம், அவன் எங்களுக்கு நான்கு தெரு தள்ளி. ஷ்ரேயாஸ் மட்டும் கன்னடக்காரன், துமகூர் பக்கம். எங்களோடு சேர்ந்து சேர்ந்து தமிழ் பேசுவான். தமிழ் சினிமா பார்த்துவிட்டு எங்களுக்கே கதை சொல்வான். ஆனால் அவசரத்தில் அவன் காது கன்னடத்தில்தான் கேட்கும். காது அப்படித்தான். கற்றுக்கொண்ட மொழி மெதுவாக வரும். பிறந்த மொழி முந்திக்கொள்ளும்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். தமிழில் 'பிடி' என்றால் பிடித்துக்கொள். கன்னடத்திலும் ஒரு 'பிடி' இருக்கிறது. தமிழில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஒலி மட்டும் வேறு. நம்முடையது பல்லில் வரும் ப. அவர்களுடையது பஸ்ஸில் வரும் ப. பஸ் ப போட்டுச் சொன்னால் 'விடுங்கள்' என்று அர்த்தம். நண்பனிடம் 'பிடு' என்பார்கள். ஆனால் நம் ஆட்கள் கன்னடத்தை மரியாதையோடுதான் கற்றுக்கொள்வார்கள், வம்பு வேண்டாமென்று. அதனால் எங்கள் வேலையிடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் 'பிடி'தான். பிடித்துக்கொள் என்பதற்குக் கன்னடத்தில் 'ஹிடி'.

ஒரே சொல், ஒரு மொழியில் பிடி, இன்னொரு மொழியில் விடு. போனில், இரைச்சலில், பல் எது, பஸ் எது என்று யாருக்குத் தெரியும்? அதனால் கணேசமூர்த்தி அண்ணன் குழுவுக்கு ஒரு விதி போட்டிருந்தார். ஷ்ரேயாஸ் பிரேக்கில் நின்றால் யாரும் தமிழ் 'பிடி'யை வாயில் எடுக்கக் கூடாது. நிறுத்த 'ஹிடி'. பிரேக்கை விட்டுக் கூண்டை நகர்த்த பஸ் ப. "தமிழ்ப் பற்றையெல்லாம் கேட்டுக்கு வெளிய வெச்சுட்டு வாங்கடா," என்பார்.

போன ஜூன் மாதம் இங்கேயே பக்கத்தில், ஒரு பதினான்கு மாடிக் குடியிருப்பில், லிஃப்ட் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஷ்ரேயாஸ் மேலே நெம்புகோலில். அண்ணன் கூண்டின் தலைமேல். நான் பதின்மூன்றாம் மாடியில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு போனோடு. எரிக் என் தோளுக்குப் பக்கத்தில் கதவைத் தாங்கிக்கொண்டு. அடி அடியாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். நடுவில் அண்ணன் ஒரு போல்ட்டைப் பார்க்கத் தலையை வெளியே நீட்டினார். கூண்டுக்கும் கான்கிரீட் பீமுக்கும் இடையில். நிறுத்தச் சொன்னார். நான் போனில் 'ஹிடி' என்றேன். ஷ்ரேயாஸ் அதைப் பிரேக்கை விடச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நெம்புகோலைத் தூக்கியே வைத்திருந்தான். நான் எத்தனை முறை சொன்னேனோ அத்தனை முறையும் இன்னும் அழுத்தித் தூக்கினான். கூண்டு நான்கு அடி ஏறியது. ஹெல்மெட் உடைகிற சத்தம் கேட்டது. பிறகு வேறொன்று உடைகிற சத்தம். அது ஹெல்மெட்டைவிட மெல்லிய சத்தம். அண்ணனின் கால் மட்டும் கொஞ்ச நேரம் கூண்டின் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது, கதவைத் திறக்கச் சொல்பவர் மாதிரி.

விசாரணையில் நான் 'ஹிடி' என்று சொன்னதாகவே பதிவானது. ஷ்ரேயாஸும் மறுக்கவில்லை. தனக்கு விடச் சொன்ன மாதிரிதான் கேட்டது, தன் காதுதான் தப்பு என்று அவனே எழுதிக் கொடுத்தான். அவனுக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். நெம்புகோலைத் தொடக்கூடாது என்றார்கள். என்னை இந்தப் பயிற்சிக்கூடத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சியாளராக எடுத்தார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே கட்டளைச் சொற்கள். ஹிடி, பிடி. ஷ்ரேயாஸின் பெயரைச் சொல்லாமல் அவனை உதாரணமாகக் காட்டுவேன். நன்றாகப் புரிந்துகொள்வார்கள். எதையும் ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் மனதில் நிற்கும்.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறில் ஏதாவது மலைக்குப் போவோம். கம்பெனி கயிறு, பெல்ட், ஹெல்மெட் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஏதாவது பாறையில் ஒருவரை ஒருவர் இறக்கி விளையாடுவோம். மற்றவர்கள் மலையில் பஜ்ஜி சாப்பிடுவார்கள். நாங்கள் தொங்குவோம். கயிறு கட்டுவது எப்போதும் நான்தான். "ராகேஷ் கட்டுனா நான் கண்ணை மூடிட்டு இறங்குவேன்," என்று எரிக் எல்லா வருடமும் சொல்வான்.

இந்த வருடம் ஏற்காடு என்று எரிக்தான் முடிவு செய்தான். மூன்று பேர். அவனுடைய கார். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மேம்பாலச் சாலையில் போகும்போது அது எப்படித் தூண்களின் மேல் கட்டப்பட்டது என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"டேய் ஷ்ரேயாஸ், இவனுக்கு ஆஃப் பட்டன் எங்கடா இருக்கு?" என்றான் எரிக்.

"வாயிலதான் மகா. ரெண்டு இட்லி வெச்சா ஆஃப் ஆயிடும்," என்றான் ஷ்ரேயாஸ். அவனுக்கு எல்லோரும் 'மகா'தான், நாம் மச்சா என்கிற மாதிரி. எட்டு மாதத்தில் அவன் சொன்ன முதல் ஜோக் அது. நானும் சிரித்தேன்.

அத்திபெலேயில் டீ குடிக்கத்தான் நிறுத்துகிறான் என்று நினைத்தேன். எரிக் காரை ஒரு சந்துக்குள் திருப்பி அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினான். அண்ணி பெயர் சங்கமித்ரா. எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். எனக்கும் எரிக்குக்கும் கையில் கொடுத்தார். ஷ்ரேயாஸின் டம்ளரைத் தரையில் வைத்தார். அவன் அதை எடுக்கக் குனிந்தபோது கேட்டார்.

"உனக்கு நெஜமாவே காது கேக்காதாப்பா? இல்ல, டாக்டர்கிட்ட எதுனா காட்டுனியான்னு கேக்குறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஷ்ரேயாஸ் டம்ளரைத் திரும்பத் தரையிலேயே வைத்துவிட்டு, "காட்டுனேன் அக்கா. நல்லாத்தான் இருக்குதாம்," என்றான்.

வெளியே வந்ததும் அவன் செருப்பு மாட்ட நேரம் எடுத்துக்கொண்டான். எரிக் என் கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அன்னிக்கு நான் உன் தோள்பட்டைக்குப் பக்கத்துலதான்டா நின்னுட்டு இருந்தேன். நீ ஹிடின்னு சொல்லல."

நான் சொன்னேன் என்று விளக்கினேன். ஓடும் லிஃப்ட் குழிக்குள் எதிரொலி எப்படி வரும், முதல் எழுத்து எப்படித் தேய்ந்துபோகும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

"உன்னைத் திட்டுறதுக்கு சொல்லல மச்சா. எவனுக்கா இருந்தாலும் அந்த நேரத்துல வாய் தவறும். நானா இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன். ஆனா அவன் செத்துட்டு இருக்கான்டா. தூங்குறதே இல்லையாம். எட்டு மாசம் உனக்காக வாய மூடிட்டு இருந்தேன், போதும். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நீயே அவன்கிட்ட சொல்லு. நீ சொல்லலைன்னா திங்கக்கிழமை ஆபீஸ்ல நான் சொல்லிடுவேன்."

சரி என்றேன். அவன் என் முதுகில் தட்டினான். அதற்குப் பிறகு பயணம் முழுக்க அவன் மிகவும் லேசாக இருந்தான். கிருஷ்ணகிரி தாண்டி, தர்மபுரி தாண்டிப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான். பாரம் இறங்கியவனைப் பார்த்தாலே தெரியும். பாரம் எங்கும் மறைந்துபோவதில்லை மேடம், மறுபக்கத்துக்குப் போகிறது. மாதிரியைப் பாருங்கள், ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் இறங்கும்.

மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். நான் யோசிக்கத் தொடங்கியது ஏழாவதில். இருபதாவதில் யோசித்து முடித்துவிட்டேன். இதை ஆத்திரம் என்று எழுதாதீர்கள். ஒரு சிக்கலைப் பார்த்தால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு.

நாங்கள் தங்கியது ஒரு காபித் தோட்டத்து வீட்டில். வீட்டுக்குப் பின்னால் நூறு அடி நடந்தால் பாறை. செங்குத்தாக எண்பது அடி இறங்கி, அடியில் கற்கள். சனிக்கிழமை மாலை அதைப் போய்ப் பார்த்தேன். விளிம்பிலிருந்து இருபது தப்படி உள்ளே ஒரு நல்ல சில்வர் ஓக் மரம். மரத்தடியில் நிற்பவருக்குப் பாறை தெரியாது. பாறையில் தொங்குபவருக்கு மரம் தெரியாது. விளிம்பில் நடுவில் ஓர் ஆள் வேண்டும். கவனித்தீர்களா? அதே அமைப்பு.

ஷ்ரேயாஸைக் கயிறு பிடிக்க வைத்தது நான்தான். ஞாயிறு காலை இட்லி சாப்பிடும்போது சொன்னேன்.

"பேடா மகா. வேண்டாம். நான் கயிறு தொடமாட்டேன்," என்றான். தட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இதுக்குத்தான்டா தொடணும். கீழ விழுந்த சைக்கிள்லயே திரும்ப ஏறினாத்தான் பயம் போகும். நான் சொல்றதை மட்டும் செய். ஹிடின்னா பிடிச்சுக்கோ. பிடின்னா ஒரு முழம் விடு. மூணு தடவை சேர்ந்தாப்ல சொன்னா அவன் தரைக்குப் போயிட்டான்னு அர்த்தம், மொத்தமா கையை எடுத்துடு." பஸ் ப போட்டுத்தான் சொன்னேன். அவன் திரும்பச் சொல்லிப் பார்த்தான். ஐந்து முறை சொல்லவைத்தேன். நான் நல்ல வாத்தியார்.

எரிக்குக்கு இது பிடித்துப்போனது. நான் ஷ்ரேயாஸிடம் உண்மையைச் சொல்வதற்கு முன்னால் அவனுக்கு நம்பிக்கை கொடுக்கிறேன் என்று நினைத்தான். பெல்ட் மாட்டும்போது என் காதில், "நல்ல வேலை பண்றே மச்சா," என்றான். அவனுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. அதுதான் எரிக். ஒருவன் ஓர் இடத்தில் தவறியவன் என்று தெரிந்தும் இன்னொரு இடத்தில் அவனை நம்பி உயிரைக் கொடுப்பான்.

இப்போது கயிற்றைப் பற்றி. ஏட்டையா, பேனாவை ஒரு நிமிடம் வைத்துவிட்டு இந்தக் கயிற்றைப் பிடியுங்கள். மேசைக்காலில் இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கிறேன். மறுமுனையை நான் முழு பலத்தோடு இழுக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா? இரண்டு விரலால் பிடித்திருக்கிறீர்கள். உராய்வுதான் வேலை செய்கிறது, நீங்கள் இல்லை. எழுபத்தைந்து கிலோ ஆளை இப்படி ஒரு குழந்தைகூடத் தாங்கலாம். கையை விட்டாலும் வேகமாக ஓடாது, வழுக்கி வழுக்கித்தான் இறங்கும். இப்போது ஒரு சுற்றை எடுக்கிறேன். இன்னொரு அரைச் சுற்றையும் எடுக்கிறேன். இப்போதும் பிடிக்க முடிகிறது, கொஞ்சம் கனக்கிறது, இல்லையா? இப்போது கையை விடுங்கள்.

பார்த்தீர்களா. ஒன்றுமே இல்லாத மாதிரி ஓடிவிட்டது.

அன்று மரத்தில் ஒரு சுற்றுதான் போட்டேன். ஷ்ரேயாஸின் கண் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, மரத்தை அல்ல. லிஃப்டில் கயிறு அறுந்தாலும் கூண்டு விழாமல் இருக்க இன்னொரு ஏற்பாடு உண்டு. வேகம் கூடினால் தானே தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். பாறையில் அந்த வேலைக்கு நாங்கள் இரண்டாவது கயிறு கட்டுவோம். முதல் கயிறு போனால் இரண்டடியில் இரண்டாவது நிறுத்தும். அதையும் கட்டினேன். நூறு அடி தளர்வாக விட்டுக் கட்டினேன். பாறை எண்பது அடி.

ஆக மூன்று பாதுகாப்பு. சுற்று, இரண்டாவது கயிறு, சொல். எங்கள் தொழிலில் ஒன்று போனால் விபத்து நடக்காது, இரண்டு போனாலும் பெரும்பாலும் நடக்காது. மூன்றும் சேர்ந்து போனால்தான் நடக்கும். மூன்றும் தற்செயலாகச் சேர்ந்து போவது மிக அரிது. அதை நீங்கள் கவனித்திருக்க வேண்டும். குறையாகச் சொல்லவில்லை.

காலை பத்தரை மணி. வெயில் நன்றாக இருந்தது. எரிக் பின்பக்கமாகச் சாய்ந்து இறங்கினான். நான் விளிம்பில் நின்று முழம் முழமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷ்ரேயாஸ் மிகச் சரியாக விட்டான். பதினைந்து அடி போனதும் பாறை உள்ளே குழிந்தது. எரிக்கின் கால் காற்றில் தொங்கியது. அவன் ஒரு சுற்றுச் சுற்றி என்னைப் பார்த்து, "ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்லுடா!" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் மரத்தின் பக்கம் திரும்பினேன். மூன்று முறை சொன்னேன். தெளிவாக, சேர்ந்தாற்போல், பஸ்ஸில் வரும் ப போட்டு.

கயிறு மரப்பட்டையைக் கிழித்துக்கொண்டு போன சத்தம் ஒரு விசில் மாதிரி இருந்தது. நான் உடனே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆக வேண்டும், ஆனது. பிறகு பார்த்தேன்.

ஷ்ரேயாஸ் மரத்தடியிலிருந்து கேட்டான்: "சேர்ந்துட்டானா மகா? கயிறு ரொம்ப வேகமாப் போச்சே. பரவால்லயா?"

அவன் முகத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு சந்தோஷம் இருந்தது. சொன்னதைச் சரியாகச் செய்தவனின் சந்தோஷம்.

நான், "நான் பிடின்னு சொன்னேன்டா. தமிழ்ல. பதட்டத்துல தமிழ்ல வந்துருச்சு," என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனைத் தூக்கி நிறுத்தி, தோட்டத்து வீட்டுக்கு ஓடிப்போய் ஆம்புலன்ஸ் சொல்லச் சொன்னேன். ஓடினான். இந்தமுறையும் சொன்னதைச் செய்தான்.

பாறையின் அடிக்குப் போகப் பக்கவாட்டில் ஒரு பாதை உண்டு. ஆறு நிமிடத்தில் போய்விட்டேன். இதுவரை நான் சொன்னது உங்கள் அறிக்கையைக் கொஞ்சம் மாற்றும். இனி சொல்வது பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் மாற்றும்.

எரிக் சாகவில்லை. வழியில் ஒரு மரக்கிளை அவனைத் தடுத்திருக்கிறது. நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது என்று நினைக்கிறேன். ஹெல்மெட்டில் ஒரு விரிசல், அவ்வளவுதான். நல்ல ஹெல்மெட். வாயில் ரத்தம் இருந்தாலும் பேச்சு தெளிவாக வந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

"கேட்டுச்சு மச்சா," என்றான். "அன்னிக்கும் இன்னிக்கும், ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டேன். தாடைக்குக் கீழே இருந்த கிளிப்பை அழுத்தினேன். உடனே திறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி ஐந்தடி தள்ளிப் போட்டேன். விழுந்த வேகத்தில் தெறித்தது போல. பிறகு இரண்டு கையாலும் அவன் தலையைக் காதோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி, பின்னால் இருந்த கல்லில் இடித்தேன். முதல் முறை கண் என்மேலேயே இருந்தது. இரண்டாம் முறை அவன் கை என் சட்டையைப் பிடித்தது. சட்டையை விடுவித்துவிட்டு மூன்றாம் முறை. மூன்றாவது தேவைப்படவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கையைப் பக்கத்தில் ஓடிய நீரில் கழுவினேன். பிறகு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தபோது என்னை அங்கேயிருந்து பிரித்து எழுப்பக் கஷ்டப்பட்டார்கள். அதில் ஒருவர் எனக்காக அழுதார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்டீர்கள், நான் 'பிடி' என்றேன் என்று சொன்னேன், ஏட்டையா தமிழில் எழுதினார். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தில் பல்லும் பஸ்ஸும் ஒன்று. கன்னடத்தில் எழுதியிருந்தால் என்னால் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அங்கே இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. அது ஒரு நல்ல ஏற்பாடு.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஷ்ரேயாஸுக்காக. போன வாரம் அவன் வேலைக்குத் திரும்பி வந்தான். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில், கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், வலது கையை வைத்தான். வேண்டுமென்றே, மெதுவாக வைத்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நான்கு விரல்கள் இல்லை. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும், "இனிமே யாரும் என்கிட்ட கயிறு கொடுக்கமாட்டாங்க அல்லவா மகா," என்றான். எனக்குக் கஷ்டமாக இருந்தது. கையின்மேல் ஒரு தவறும் இல்லை. கை சொன்னதைத்தான் செய்தது. அதை அவனுக்கு யாராவது விளக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அன்று நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை திரும்பி வந்தபோதுதான் கம்பெனி நோட்டீஸ் பலகையில் பார்த்தேன். உங்கள் அறிக்கையை மேற்கோள் காட்டி ஒரு சுற்றறிக்கை. 'பயிற்சியாளர் ராகேஷ் தவறான கட்டளைச் சொல்லைப் பயன்படுத்தியதால்...' என் வகுப்புக்கு வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஹிடி, பிடி பாடம் நடத்தும்போது கடைசி வரிசையில் ஒருவன் சிரித்தான். அன்று மதியம்தான் உங்கள் எண்ணுக்கு அழைத்தேன்.

ஆகவே திருத்தம் இதுதான், மேடம். எரிக்கை நான் கொன்றேன். திட்டமிட்டுக் கொன்றேன். சுற்றைக் குறைத்தேன், கயிற்றைத் தளர்த்தினேன், சரியான சொல்லைச் சரியான நேரத்தில் சரியான உச்சரிப்போடு சொன்னேன், மிச்சத்தைக் கையால் முடித்தேன். இதில் தவறு என்று ஒன்றும் நடக்கவில்லை. 'தவறான சொல்' என்பதை எடுத்துவிட வேண்டும்.

முதல் விபத்தா? அதைப் பற்றி நீங்கள் கேட்கவே தேவையில்லை, ஏட்டையா. அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். அண்ணன் தலையை நீட்டியிருந்தார். கூண்டு நகர ஆரம்பித்துவிட்டது. "பிடிக்கச் சொல்லுடா, பிடிக்கச் சொல்லு" என்று கத்தினார். எனக்கு இருந்தது ஒரே ஒரு விநாடி. அவர் சொன்ன சொல் காதில் இருக்கிறது, அதே சொல்தான் வாயில் வரும், வேறு எது வரும்? நான் அதையே திரும்பத் திரும்ப, அவர் கால் தட்டுவது நிற்கிற வரைக்கும்...

ஏட்டையா அதையும் எழுதிவிட்டார், மேடம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.